பந்தல் முஹைதீன்

கப்டன் வில்மட் துரை ஜெர்மன்காரனோடு நடந்த முதல் சண்டையில் ஏரோப்பிளேன் ஓட்டியவராம். இருக்கட்டும். சண்டை முடிந்து கலஹாவுக்குத் தேயிலைத் தோட்டம் பார்க்க வந்தார், அதைப் பாழாக்கினார். தோட்டத்தைப் பாழாக்கிய மனுஷனை வேறு எங்கே வைப்பது? அரசாங்கத்தில்தான். விமானம் இறங்க இடம் தேடும் அதிகாரியாக்கி, கண்டியில் ஒரு கந்தோரும் மோட்டார் காரும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எழும்பியதெல்லாம் கதிரையிலிருந்து மட்டும்தான்.

இந்த மலைநாட்டில் சமதரை என்றால் அங்கே நெல் விளையும். கெலிஓயாவில் வாப்பா எனக்கு விட்டுப்போன வயல் துரையின் கண்ணில் பட்டது அப்படித்தான். முப்பத்தைந்தாம் ஆண்டு அதை அரசாங்கத்துக்கென்று எடுத்து, வரம்பையெல்லாம் வெட்டிச் சமமாக்கி, மூலைக்கு மூலை வெள்ளைக் கல் நட்டார்கள். விமானம் வரவில்லை, மாடுதான் வந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று என் வயலைப் பார்த்துவிட்டு, கடையில் அரிசி வாங்கித் தின்றேன்.

அடுத்த வருடம் ஒருவழியாகக் கொழும்பிலிருந்து விமானம் வருகிறது என்றார்கள். திறப்பு விழா. கலியாணப் பந்தல் போடுவது என் தொழில் என்பதால் என்னையே கூப்பிட்டார்கள். துரை தடியால் இடம் காட்டினார். மைதானத்தின் நட்ட நடு! பெரிய துரைமார் உட்கார்ந்திருக்க, விமானம் அவர்களுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டுமாம், மாப்பிள்ளை கார் மாதிரி.

"தொர, இதுல பந்தல் போட்டா, ஓடி வாற ஏரோப்பிளேன் எங்கால போற?" என்று கேட்டேன்.

துபாஷி வேலை பார்த்த கிளாக்கர் கந்தையா, யாழ்ப்பாணத்தார், அதை இங்கிலீசில் சொன்னார். துரை முகம் சிவந்து கத்தினார். கந்தையா என் பக்கம் திரும்பினார்.

"சண்டையில பறந்தது நீரோ, தானோ எண்டு கேக்கிறார். பேசாமல் போடும்."

போட்டேன். கமுக மரம், தென்னோலை, உச்சியில் கொடி.

விமானம் வந்தது. சனம் கைதட்டியது. அது தாழ்ந்து பந்தலுக்கு நேரே இறங்கியபோதுதான் துரைக்கு விளங்கியது. கதிரையைத் தள்ளிவிட்டு மைதானத்துக்குள் ஓடி, தொப்பியைக் கழற்றி வீசி வீசி, 'போ போ' என்று கத்தினார். சக்கரம் கொடியைக் கிழித்துக்கொண்டு போனது. விமானம் மேலே ஏறிக் கொழும்புக்கே திரும்பிவிட்டது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்த ஒரு நிமிஷம் அவர் பறந்த மனுஷன்தான். மறுநிமிஷம் அந்தத் துணிச்சல் போய்விட்டது.

சில நாள் கழித்துத் துரை கந்தையாவோடு என் வீட்டுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கந்தையாதான் பேசினார்.

"பந்தலை உம்மட எண்ணத்துக்குப் போட்டனீர் எண்டு, கொழும்புத் துரைமார் வைக்கிற விசாரணையில சொல்லவேணுமாம். சொன்னால், இந்த இடம் சரிவராது எண்டு எழுதி வயலைத் திருப்பித் தருவாராம்."

"சொல்லாட்டி?"

"வயலை மறந்துவிடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஜெர்மன்காரனுக்குப் பயப்படாத மனுசன், மேலதிகாரிக்கு இந்த நடுக்கம் நடுங்கிறாரா?"

"ஐயோ, இதை நான் இங்கிலீசில சொல்லமாட்டன்," என்றார் கந்தையா.

விசாரணைக்குப் போனேன். நான்தான் மடையன், என் புத்திக்கு எட்டியபடி போட்டேன் என்றேன். துரைமார் சிரித்தார்கள். வில்மட் துரையும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினார். வெட்கம் கெட்ட மனுஷன்!

அவருக்குக் கொழும்பில் இன்னும் பெரிய உத்தியோகம். எனக்கு வயல். வெள்ளைக் கற்களைப் பிடுங்கி, வரம்பு கட்டி விதைத்தேன். ஆனால் கண்டி மார்க்கட்டுக்குப் போனால், "பந்தல் முஹைதீன், ஏரோப்பிளேன் வருது, குனிங்க!" என்று கடைக்குக் கடை சிரிப்பு. கலியாணப் பந்தலுக்கு ஒருவரும் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை உள்ளே வர வழி விடமாட்டேனாம்.

அறுவடை முடிந்தது. என் பெண்சாதி றம்லத் புது அரிசிச் சோற்றை வட்டிலில் போட்டு எனக்கு முன்னால் வைத்தாள்.

"தின்னுங்க. மடையன்ட சோறு."

தின்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.