யானை வந்து சேர்ந்த நேரம்

காலை ஆறு பத்துக்கு வர வேண்டிய ஒட்டகச்சிவிங்கி, நான்கு நிமிடம் தாமதமாக ஆறு பதினாலுக்குத் தெருவுக்குள் வந்தது. பேருந்து டெப்போவில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள், மாடி முகப்பில் நின்றபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார், தாமதம் என்று சிவப்பு மையில் குறித்தார், அதற்கு அப்புறம்தான் "ஐயையோ" என்றார். ஒட்டகச்சிவிங்கி அதைக் கண்டுகொள்ளவில்லை. சலூன் கடைப் பலகையில் இடிக்காமல் ஒதுங்கி, கேபிள் வயர்களை ஒவ்வொன்றாகக் குனிந்து கடந்து, மாடி முகப்புக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றது. அட்டவணையில் அதற்கு இருபது நிமிடம்தான் போட்டிருந்தது. மறுநாள் சரியாக ஆறு பத்துக்கு வந்துவிட்டது. சிவப்பு மை பட்டால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

அந்தச் சிவப்பு மைக்குப் பயப்படாத டிரைவர் டெப்போவில் ஒரே ஒருவர்தான் இருந்தார். வேறு டெப்போவிலிருந்து மாற்றலாகி வந்த முதல் நாளே நான்கு நிமிடம் தாமதமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ரயில்வே கேட்டுல லாரி மாட்டிக்கிச்சு மேடம்" என்று டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று வாதாடினார். "லாரிக்கு நான் டைம் போடறதில்ல. உங்களுக்குத்தான் போடறேன்" என்றார் டைம் கீப்பர். இந்த வழக்கு மூன்று மாதம் நடந்தது, நான்காவது மாதம் கல்யாணத்தில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் இருபது நிமிடம் தாமதம் என்பது இன்றைக்கும் நோட்டில் இருக்கிறது. புருஷன் என்றோ சிநேகிதி என்றோ முகம் பார்த்து ஒரு நிமிடத்தைக்கூட அந்த அம்மாள் மாற்றி எழுதியவர் இல்லை. வீட்டிலும் டிரைவர் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

டிரைவருக்கு ஒரே ஒரு மனக்குறை. முப்பத்து மூன்று வருடம் வண்டி ஓட்டியவர், நேரே இருக்கும் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஒருமுறை மலை வழியில், ஒரு வளைவில், பஸ்ஸில் இருந்த ஐம்பத்திரண்டு பேரும் "யானை! யானை!" என்று இடது பக்கம் சாய்ந்து கூச்சல் போட்டார்கள். கைக்குழந்தை பார்த்தது, தூக்கத்தில் இருந்தவர் எழுந்து பார்த்தார், கண்டக்டர் சீட்டுக் கிழிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தார். டிரைவர் மட்டும் பார்க்கவில்லை. வளைவில் வண்டியை வைத்துக்கொண்டு எப்படித் திரும்புவது? மிருகக்காட்சி சாலையில் போய்ப் பார்த்தால் ஆயிற்று என்று சொன்னவர்களிடம், "ஷெட்டுல நிக்கற வண்டியப் பாக்கறதுல என்ன இருக்கு? அது பாட்டுக்கு அது வழியில போறப்ப பாக்கணும்" என்றார். ஓய்வு பெற்ற மாதம், கீழ்வீட்டில் சுற்றுலா ஆபீஸ் வைத்திருந்த ஏஜென்ட் ஒரு படத்தைக் காட்டினார். ஆப்பிரிக்கப் புல்வெளியில் கூரை திறந்த ஜீப், பக்கத்திலேயே முறம் முறமாய்க் காதுகளோடு ஒரு யானை. "வேற ஒருத்தர் ஓட்டுவாரு சார். நீங்க ஜன்னலோரமா உக்காந்து வேடிக்க பாக்க வேண்டியதுதான்" என்றார். வேறு ஒருத்தர் ஓட்டுவார் என்ற வார்த்தையில் டிரைவர் விழுந்துவிட்டார்.

பயணத்துக்கு அட்டவணை போடும் பொறுப்பை டைம் கீப்பர் ஏற்றுக்கொண்டார், அங்கேதான் வந்தது வினை. எந்த மாதம் புல் குட்டையாக இருக்கும், எந்த வேளையில் சிங்கம் நீர்நிலைக்கு வரும், காட்டெருமைக் கூட்டம் ஆற்றைக் கடப்பது எப்போது, எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். எழுதி முடித்தபோது அந்த வருடப் பருவம் கடந்திருந்தது. அடுத்த வருடம் காண்டாமிருகத்துக்கும் சிறுத்தைக்கும் ஒரே நேரம் விழுந்ததால் அடித்து எழுதினார். அதற்கடுத்த வருடம் மழை முந்திக்கொண்டது. இப்படியே ஒன்பது வருடம். டிரைவர் அவசரப்படுத்தவே இல்லை. "மேடம் டைம் போடாம நான் என்னைக்கு வண்டி எடுத்திருக்கேன்?" என்று சிரிப்பார்.

ஒன்பதாவது வருடம் அவர் கதவு நிலைகளில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். விழித்திரை ஓரத்திலிருந்து வாடிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். நேரே ஒரு டம்ளர் வாய் அகலத்துக்குத்தான் பார்வை மிச்சம் இருந்தது. அதுவும் நான்கு மாதம் தாங்கும் என்றார். வாழ்நாளெல்லாம் பக்கவாட்டில் பார்க்காதவருக்குப் பக்கவாட்டே இல்லாமல் போயிற்று. டைம் கீப்பர் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். ஒன்பது வருடத்தை வீணடித்தது தான்தான் என்று அவருக்குத் தெரியும், அதை யார் மேல் தாமதம் போடுவது? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரே மூச்சில் புது அட்டவணை எழுதினார். டெப்போ அட்டவணை எதுவானாலும் கடைசிக் கட்டம் சேருமிடம். முப்பத்தோரு வருடமும் அதில் தன் டெப்போவையே எழுதிப் பழகிய கை அது, வண்டி எங்கே போனாலும் திரும்பி வந்து சேர வேண்டியது அவரிடம்தானே. யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொன்றுக்கும் நேராகச் சேருமிடத்தில் அவர் கை தன் வீட்டு விலாசத்தை எழுதி, பழைய டெப்போ முத்திரையையும் குத்தியது. ஏஜென்ட் படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். அங்கே இருந்த வழிகாட்டி, சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர், அதை நீர்நிலைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தில் ஆணி அடித்து மாட்டினார். அடுத்த வாரம் டாக்டர், மிச்சப் பார்வை சீக்கிரம் போய்விடாமல் இருக்க, டிரைவரின் கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்து ஆபரேஷன் செய்து, குமிழி கரையும்வரை விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். பயணத்தை ரத்து செய்யச் சொல்லலாம் என்று டைம் கீப்பர் காலையில் எழுந்த அன்றுதான் ஒட்டகச்சிவிங்கி வந்தது.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக வந்தன. ஏழு ஐந்துக்கு வரிக்குதிரைகள், பள்ளிக்கூட வேன்களுக்குப் பின்னால். பத்தரைக்குக் காண்டாமிருகம், மின்கம்பத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போகும். அந்த நேரத்துக்குத் தெருவில் வீட்டு விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். சிங்கம் நான்கு முப்பதுக்கு வந்து பேங்க் வாசலில் படுத்துக்கொள்ளும், வரிசையில் நிற்கிறவர்கள் அதற்கும் ஓர் இடம் விட்டு நின்றார்கள். கடலை எப்படிக் கடந்தன என்று டைம் கீப்பர் கேட்கவில்லை. வண்டி எந்த வழியாக வந்தது என்பது அவர் வேலை இல்லை, எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான். டெப்போவில் கழித்துப்போட்ட, இருவர் உட்காரும் பஸ் சீட் ஒன்றை வாங்கி மாடி முகப்பில் போட்டார்கள். அதில் ஜன்னலோரத்து ஆளாக டிரைவர் உட்கார்ந்து, டம்ளர் வாய் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கியின் இமைமயிரை மட்டும் இருபது நிமிடம் பார்த்தார். "எவ்வளவு நீளம் மேடம்! தூசி துடைக்கற பிரஷ் மாதிரி" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

யானை மட்டும் வரவில்லை. பன்னிரண்டாம் தேதி மாலை ஐந்து நாற்பது என்று போட்டிருந்தது. ஐந்து நாற்பது வந்தது, இருட்டியது, அவ்வளவுதான். மறுநாளும் இல்லை, மறுவாரமும் இல்லை. நோட்டில் யானைக்கு நேராகச் சிவப்பு மை ஒரு முழுப் பக்கம் ஓடியது. டிரைவரின் டம்ளர் வாய் ஒரு நாணய அளவுக்குச் சுருங்கியது, அப்புறம் சட்டைப் பித்தான் அளவு. அவர் விடிந்ததிலிருந்து தெருமுனையை நோக்கியே உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுத் தட்டைக்கூட குனிந்து பார்க்கவில்லை. கடைசியில் வழிகாட்டியிடமிருந்து கடிதம் வந்தது. ஏஜென்ட் மாடியேறி வந்து படித்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் முன்னால் கிளம்பியது யானைதானாம். ஆனால் வழியில் எங்கெல்லாம் யானை எலும்பு கிடக்கிறதோ அங்கெல்லாம் நின்றுவிடுகிறது, தும்பிக்கையால் ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொடுத்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறது. வழியோ நீளம், எலும்புகளோ நிறைய.

டைம் கீப்பர் அட்டவணையை எடுத்து ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டிப் பார்த்தார். டீ குடிக்க, டீசல் போட, டயர் மாற்ற என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார். இதற்கு ஒதுக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆனாலும் பித்தான் அளவுதானே மிச்சம்? மெமோ எழுதினார். உடனே வந்து சேரவும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது. முத்திரையை மையில் தொட்டவர், ஒரு நிமிடம் யோசித்து, புருஷனுக்குப் படித்துக் காட்டினார்.

"என்னங்க, குத்திடட்டுமா? மெமோ போனா ஓடி வந்துடும். நாலு நாள்ல வந்துடும்."

டிரைவர் தெருமுனையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேணாம் மேடம்" என்றார். "நின்னு பாக்க வேண்டியத நின்னு பாத்துட்டே வரட்டும். நிக்காம போனவன் பின்னால என்ன பாடு படுவான்னு எனக்குத் தெரியாதா?"

"அதுக்குள்ள உங்களுக்கு..."

"தெரியும்."

டைம் கீப்பர் மெமோவைக் கிழித்தார். கோபமா துக்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை, இரண்டும் இருந்தது. அன்றைக்கு மட்டும் சிங்கம் வந்த நேரத்தைக் குறிக்க மறந்துபோனார்.

கடைசி மூன்று நாள் டிரைவர் தெருவைப் பார்க்கவில்லை. பஸ் சீட்டில் திரும்பி உட்கார்ந்து, மிச்சமிருந்த பித்தான் துளை வழியாகப் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நெற்றி, ஒரு நாள் மூக்கு என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. "என்ன இது, தெருவெல்லாம் பாக்கப் போகுது" என்று டைம் கீப்பர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "டைம் ஆபீஸ் ஜன்னல் எப்பவும் எனக்கு இடது பக்கம்தான் மேடம்" என்றார் டிரைவர். "உன்னையும் நான் சரியா பாத்ததில்ல. கன்னத்துல மச்சம் இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" மூன்றாம் நாள் காலையில் அந்த மச்சம் மட்டும் தெரிந்தது. பத்தரைக்குக் காண்டாமிருகம் கம்பத்தில் முதுகைத் தேய்த்தது, வீட்டு விளக்கெல்லாம் அணைந்து எரிந்தது, அவர் கண்ணுக்கு மட்டும் திரும்ப எரியவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள், முற்பகல் பதினொன்று இருபதுக்கு யானை வந்தது. தெருமுனையிலிருந்து சலூன் கடைவரை அதன் நிழல் விழுந்தது. கால்களில் பல தேசத்து மண் வெவ்வேறு நிறத்தில் படிந்திருந்தது. டைம் கீப்பர் புருஷனின் கையைப் பிடித்துப் படி படியாக இறக்கிக் கூட்டிவந்தார். சலூன்காரர் வாய் சும்மா இருக்காதே, "சார், தூணு, சுவருன்னு கதையில வர்ற மாதிரி சொல்லிடாதீங்க" என்றார். "அவங்க ஆளுக்கு ஒரு எடத்தத் தொட்டுட்டு உக்காந்துட்டாங்கய்யா. நான் டிரைவர்" என்றார் டிரைவர். வண்டி எடுப்பதற்கு முன் முப்பத்து மூன்று வருடம் செய்ததை இப்போதும் செய்தார். முன்னாலிருந்து தொடங்கி வலமாக ஒரு முழுச் சுற்று, ஒவ்வொரு காலிலும் உள்ளங்கையால் இரண்டு தட்டு, வயிற்றுக்கு அடியில் குனிந்து ஒரு கை, வாலில் ஒரு இழுப்பு, எக்கி நின்று காது மடல் இரண்டிலும் ஓரத்திலிருந்து ஓரம்வரை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யானை அசையவில்லை. சுற்றி முடித்து அவர் முன்னால் வந்து நின்றதும், அது தும்பிக்கையை நீட்டி, வழியெல்லாம் எலும்புகளைத் தடவிவந்த அதே நிதானத்தோடு, அவருடைய இரண்டு கண்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடவியது.

"முழுசா பாத்துட்டேன் மேடம்" என்றார் டிரைவர். முகமெல்லாம் ஈரமாக இருந்தது, பாதி அவருடையது, பாதி யானையுடையது. "பஸ்ல அந்த அம்பத்திரண்டு பேருகூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க. ஆமா, எவ்வளவு லேட்டு போட்டீங்க?"

டைம் கீப்பர் நோட்டைத் திறந்தார். சிவப்புப் பேனா மூடி திறந்து தயாராக இருந்தது. அதை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, சலூன்காரரிடம் நீலப் பேனா வாங்கி எழுதினார்.

"கரெக்ட் டைம்" என்றார்.

"அடப்பாவமே!" என்று டிரைவர் தெரு நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தார். "நாலு நிமிஷத்துக்கு என்னை மூணு மாசம் அலைய விட்டீங்களே!"

யானை திரும்பிப் போகவில்லை. அட்டவணையில் சேருமிடம் மட்டும்தான் இருந்தது, திரும்பும் நேரம் எழுதியிருக்கவில்லை. அது சில நாள் காலையில் தெருவைக் கடக்கும், சில நாள் மாலையில், சில நாள் இழவு வீட்டு வாசல் எதிலாவது நின்றுவிட்டு இரண்டு நாள் கழித்து வரும். டிரைவர் ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிப் போய் ஒரு சுற்று சுற்றி நான்கு காலையும் தட்டிவிட்டு, "ரைட், போலாம்" என்பார். டைம் கீப்பர் மற்ற மிருகங்களுக்கு இன்றும் நிமிடக் கணக்காகத்தான் குறிக்கிறார், ஒட்டகச்சிவிங்கி போன வாரம்கூட ஒரு சிவப்பு வாங்கியது. யானைக்கு நேரான கட்டத்தில் வந்தது என்று மட்டும் எழுதுகிறார்.