காலணியோடு நின்ற படங்கள்

கிட்ட வாங்க, கண்ணுகளா. காலை இந்தப் போர்வைக்குள் நீட்டிக்கொள்ளுங்கள். அடியில் வெந்நீர் ஓடுகிற தரை, இந்த மூலையில்தான் நன்றாகச் சூடேறும். ஒரு சங்கத்தையே செருப்பைக் கழற்ற வைத்தாளே எங்கள் புன்ரே அக்கா, அவள் கதையைச் சொல்கிறேன். பொய் கலக்காமல் சொல்கிறேன், கூட இருந்து பார்த்தவள் நான்.

சியோல் ரயில் நிலையத்துக்குப் பின்னால், துண்டு அறைகள் இருக்கிற சந்தில், அவளும் நானும் அடுத்தடுத்த கதவு. அறை என்று பேர்தான். காலை நீட்டினால் சுவர் இடிக்கும். இதெல்லாம் நடந்ததற்கு முந்தின குளிர்காலத்தில் அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இன்னொரு குளிர்காலம் ஜில்லுத் தரையில படுத்தீங்கன்னா, திரும்பி வரமாட்டீங்கம்மா."

'புது வாசல்' என்றொரு தொண்டு அமைப்பு எங்களைப் போன்றவர்களுக்கு அரசு வாடகை வீடு வாங்கித் தந்துகொண்டிருந்தது. எங்களுக்காக விண்ணப்பம் போட்டு, அலுவலகம் அலுவலகமாக அலைவார்கள். கெட்டவர்கள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் தொடங்கி, முட்டைக்கோசை ஊறவைத்துக் கிம்ச்சி போடுகிற சமயத்தில் அக்காவின் முறை வந்தது. அவர்களுடைய ஆண்டு விழாவில், அரசு அதிகாரி முன்னால், வீட்டு ஒப்பந்தத் தாளில் கையெழுத்துக்குப் பதிலாக அவள் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். குத்திவிட்டால் சந்து அறை கைவிட்டுப் போகும். குத்தவில்லையென்றால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியதுதான்.

விழாவுக்கு முன்னால் ஒருநாள் அவர்கள் அலுவலகத்துக்குப் போனோம். பொட்டலக் காபி கலக்கிக் கொடுத்தார்கள். சுவர் முழுக்கப் படங்கள். வீடு கிடைத்தவர்கள் ஒரு கையில் சாவியும் கக்கத்தில் கழிப்பறைக் காகிதச் சுருள் கட்டுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதைத்தானே கொடுப்போம், சுருள் அவிழ்கிற மாதிரி எல்லாக் காரியமும் சிக்கலில்லாமல் அவிழட்டும் என்று.

அக்கா காபியை உறிஞ்சிக்கொண்டே படங்களைப் பார்த்தாள்.

"ஏன்டி, எல்லாரும் ஷூ போட்டிருக்காங்களே?"

"படம் எடுக்கும்போது வெறுங்காலோடயா நிப்பாங்க?"

"வீட்டுக்குள்ள எவடி ஷூவோட நிப்பா? இதுல ஒருத்தரும் உள்ளயே போகல."

காபி கொடுத்த பெண் நெளிந்தாள். "ஒரே நாள்ல பல வீடு போகணும்மா. பூட்ஸ் கயிறை அவுத்து, மறுபடி கட்டின்னா நேரமாகுது. வாசல்லயே சாவியைக் கொடுத்து படம் எடுத்துடுவோம்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த வீடு."

அக்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வெளியே வந்ததும் கடையில் ஒரு கட்டு காகிதச் சுருள் வாங்கினாள். "வாடி, சங்தோக்குக்கு வீடு கிடைச்சு நாம போய்ப் பாக்கவே இல்ல."

சங்தோக் எங்கள் சந்திலிருந்து போனவன். சுவரில் முதல் படமே அவனுடையதுதான். கதவைத் திறந்தவன் கம்பளிக் குல்லாயும் தடித்த மேல்கோட்டுமாக நின்றான்.

"அக்கா! என்ன திடீர்னு?"

"வீடு பாக்க வந்தோம்டா. உள்ள கூப்பிட மாட்டியா?"

"உள்ள ஒரே குப்பைக்கா. இங்கயே நின்னு பேசலாமே."

"நான் பாக்காத குப்பையாடா உன்னுது? தள்ளு."

ஷூவைக் கழற்றி உள்ளே கால் வைத்தவள், கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டாள். பின்னாலேயே போன நானும் அப்படியே. காலுறையைத் தாண்டிக் குளிர் கடித்தது. தரையைச் சூடாக்குகிற பாய்லர் போன குளிர்காலத்திலேயே செத்துவிட்டதாம்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எப்படிக்கா சொல்றது? ஓடி ஓடி வாங்கிக் கொடுத்தவங்க. குறை சொன்னா நன்றி கெட்டவன்னு நினைப்பாங்க. சுவத்துல வேற சிரிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"சிரிச்சவனும் நீ, விறைக்கிறவனும் நீ. நல்லா இருக்குடா உன் மரியாதை!"

அன்றே இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போனோம். அங்கே தரை கதகதவென்று இருந்தது. ஒருத்தி நூடுல்ஸ் போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினாள். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "எனக்கு வரப்போறது சூடான வீடா, ஜில்லு வீடான்னு அவங்களுக்கே தெரியாதுடி."

விழா வந்தது, அதே அலுவலகக் கூடத்தில். அமைப்பின் தலைவி மா சன்யங் மேடைக்கு அழைத்தாள். "அம்மா, முத்திரையை எடுங்க."

"எடுத்தாச்சு, டைரக்டர் அம்மா. ஆனா இங்க குத்த மாட்டேன். மொதல்ல எல்லாரும் சங்தோக் வீட்டுக்குப் போவோம். நீங்க, இந்த ஆபீசர் ஐயா, எல்லாரும். ஷூவைக் கழட்டிட்டு உள்ள வரணும்."

கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்: "சும்மா செஞ்சு கொடுக்கிறவங்களைக் கேள்வி கேக்குதே இந்தம்மா!"

அக்கா திரும்பினாள். "என் பேரைச் சொல்லித்தானய்யா இவங்க வேலை செய்றாங்க. என் பேருக்கு நான் கேக்காம, உங்க மாமனாரா வந்து கேப்பாரு?"

அதிகாரியே சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை; வரிசையிலிருந்து இவள் பெயரை அடித்துவிட்டால் இந்தக் குளிரை எப்படித் தாண்டுவாள்? அவள் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். தலைவியின் முகம் சிவந்தது. சுவரிலிருந்த படங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "வண்டியை எடுங்க" என்றாள்.

சங்தோக் வீட்டு வாசலில் அவளே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள். மெல்லிய காலுறையோடு அந்தத் தரையில் நின்றாள், கால் மாற்றாமல் நின்றாள். அப்புறம் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள்.

"வாசலோட எங்க வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுட்டோம், சங்தோக் ஐயா. தப்பு எங்களுது."

"ஐயய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"இருக்குடா, வாயை மூடு" என்றாள் அக்கா.

அதிகாரி அதற்குள் பாய்லர்காரனைத் தொலைபேசியில் பிடித்திருந்தார். பொழுது சாய்வதற்குள் தரைக்கடியில் வெந்நீர் களகளவென்று ஓடியது. சங்தோக் குல்லாயைக் கழற்றினான். தலை முழுக்க நரைத்திருந்தது.

அப்புறம் அந்தச் சுவர்ப் படங்களைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வீடாகப் போனார்கள். இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளே, ஷூ இல்லாமல்தான் படம். புது விதியும் போட்டார்கள்: நடுக் குளிர்காலத்தில் மறுபடியும் போய்த் தரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் சந்திலிருந்து ஒரு ஆளும் கூடப் போக வேண்டும். அந்த ஆள் நான்தான், வேறு யார்!

அக்காவின் வீட்டைப் பார்க்கப் போன அன்று அவள் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். தலைவி பதறினாள். "என்னம்மா ஆச்சு?"

"சும்மா இருங்க. முதுகு யோசிக்குது."

யோசித்து முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, அந்தத் தரையிலேயே தாளை வைத்து முத்திரையைக் குத்தினாள். சுவரில் இன்றும் அவள் படம் இருக்கிறது. காலுறை ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் இருமவே இல்லை.

சரி, போய்வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தரை எந்தப் பனியிலும் ஆறாமல் இருக்கட்டும். உங்களுக்கு நல்லது செய்ய வருகிறவர்கள் காலணியைக் கழற்றி உள்ளே வந்து உட்காரட்டும். உங்கள் பிள்ளைகள் கோட்டு இல்லாமல் தூங்கி எழட்டும்.