செம்பு அண்டாவில் கடல்

ஷெர்வின் கடலை வீட்டுக்குள் கொண்டுவர முடிவு செய்தபோது, அதற்கு இடம் விட வேண்டியிருந்தவள் அவன் தங்கை லீனாதான். லிங்கராஜபுரத்து வீட்டில் வெயில் படாத அறை அவளுடையது ஒன்றுதான். உப்புநீர்த் தொட்டிக்கு வெயில் ஆகாதாம். அவள் கட்டிலைத் தூக்கிப்போய் மொட்டை மாடியில் சாய்த்து வைத்தான். எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள் பாயும் புத்தகங்களுமாக ஹாலுக்கு வந்தாள்.

"எத்தன நாளைக்குண்ணா?"

"செட் ஆகுதான்னு பாக்கலாம். எல்லாம் செத்துடுச்சுன்னா டேங்க வித்துட்டு உன் ரூம உனக்கே குடுத்துடறேன், போதுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். லீனா அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதத்துக்கும் மேல் தொட்டியில் மணல், கல், உப்புத் தண்ணீர் மட்டும். கழிவைத் தின்னும் பாக்டீரியா முதலில் கல்லில் குடியேற வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தான் ஷெர்வின். லீனாவைக் காட்டி, "இவளும் பி.எஸ்சி. சுவாலஜிதான். கரப்பான்பூச்சி அறுப்பா, அவ்ளோதான்."

பிறகு ஆரஞ்சு நிறத்தில் இரண்டு க்ளவுன் மீன்கள் வந்தன. அவை அண்டி வாழ ஓர் அனிமோன்; பூவைப் போல விரல்களை விரித்து ஆடும் பிராணி. கூடவே சிவப்பு வரி போட்ட ஓர் இறால். மீன்கள் அனிமோனின் மடியில் புரண்டு படுத்தன.

ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குக் கிளம்பும்போது ஷெர்வின் மனைவியிடம் சொன்னான்: "மௌரீன், சண்டே கொஞ்சம் தண்ணி மாத்தணும். முந்தின நாளே உப்பக் கலந்து வெச்சுடு. சோப்பு மட்டும் படவே கூடாது."

மௌரீனின் மனதில் அந்தச் சோப்புதான் நின்றது. உப்பு கலக்கவென்று இருந்த பக்கெட்டில் யாரோ துணி ஊறவைத்துவிட்டிருந்தார்கள். அவள் யோசித்து, கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த செம்பு அண்டாவைப் பரணிலிருந்து இறக்கினாள். புளி போட்டுத் தேய்த்தாள். வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கொட்டி மரக்கரண்டியால் கலக்கினாள்.

"லீனா, இங்க வாயேம்மா. நீ சயின்ஸ் படிச்சவ. இதுல கலக்கலாம்ல? செம்புத் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னுதானே சொல்றாங்க?"

உப்புநீர் செம்பை அரிக்கும். கரைந்த செம்பு, முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு நஞ்சு. லீனாவுக்கு இது தெரியும். இவள் ஹாலில் படிக்கிறாளே என்று கன்னட சீரியலைச் சத்தமே இல்லாமல் பார்க்கிறவள் அண்ணி என்பதும் தெரியும்.

"ஓகேதான் அண்ணி. நல்லா ஊறட்டும்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் மௌரீன் சொம்பு சொம்பாக ஊற்றினாள். சாயங்காலம் இறால் மல்லாந்து கிடந்தது. கால்கள் மட்டும் உதறின, யாரோ கிச்சுகிச்சு மூட்டுவதுபோல. மறுநாள் அனிமோன் தன் வயிற்றைத் தானே வெளியே தள்ளிக் கூழாகத் தொங்கியது. லீனா கதவோரம் நின்று, கட்டிலை எந்தச் சுவரை ஒட்டிப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னையிலிருந்து திரும்பிய ஷெர்வினுக்கு வாசலிலேயே நாற்றம் அடித்தது. பச்சை பூத்திருந்த அண்டாவைப் பார்த்ததும் அதைத் தூக்கி எறிந்தான். அது சுவரில் மோதி நசுங்கியது.

"அறிவிருக்காடி? எவளாவது உப்புத் தண்ணிய செம்புல கலப்பாளா? வீட்லயே படிச்சவ ஒருத்தி இருக்கா, ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

மௌரீன் லீனாவைப் பார்த்தாள். லீனா புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள்.

"தோணல," என்றாள் மௌரீன்.

ஷெர்வின் மீன் கடைக்காரனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் குரல் உற்சாகமாக வந்தது: "கல்லுல செம்பு ஏறிடுச்சு சார், இனி அனிமோன், இறால் எதுவும் நிக்காது. மீனுக்கு ஒண்ணும் ஆகல இல்ல? செம்ப நாங்க மீனுக்கு மருந்தாவே போடுவோம்."

அதையும்தான் லீனா படித்திருந்தாள். அன்றைக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

"அப்ப மீன் மட்டும் போதும். இத விடப் பெரிய டேங்கா வாங்கிடறேன்," என்றான் ஷெர்வின், கோபம் இறங்கி. "மேல கட்டில் துருப்பிடிக்குது, யாருக்காவது குடுத்துடலாம். லீனா, இனி தண்ணி மாத்தறது உன் வேல. அண்ணியக் கிட்ட விடாதே."

லீனா தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மீன்கள் மேலே வரவில்லை. அனிமோன் இருந்த இடத்தில், வெறும் கல்லில், உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

ஹாலில் மௌரீன் சீரியல் போட்டாள். முழுச் சத்தத்தில்.