யாரும் சொல்லாத பூஜ்ஜியம்

பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த லாரிக்காரர், பாதி மரத்துப்போன நாக்கோடு மருத்துவரின் உதவியாளர் ஹெய்னியைப் பார்த்து ஆரம்பித்தார். “உன் வீட்டுக்காரன் இதோட நாலு ஆட்டமா ஒரு கோ...” அவ்வளவுதான். மருத்துவர் கைக்கு அகப்பட்ட பஞ்சை எல்லாம் எடுத்து அவர் வாயில் திணித்துவிட்டார். பிடுங்க வேண்டிய பல் இருந்தது மறுபக்கம். அது வேறு விஷயம். லாரிக்காரருக்கும் உடனே உறைத்துவிட்டது. தப்பு செய்துவிட்டேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஹெய்னி எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் கடைவாயில் சொருகிவிட்டு, எதுவும் காதில் விழாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஏரி இன்னும் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

கிவிலம்பி ஊர் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு மூன்று வாரமாகிறது. அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணி மேல்பிரிவுக்கு ஏறியதே இந்த ஆண்டுதான். ஏறியதோடு சரி, இலையுதிர் காலம் முழுக்க வாங்கின அடிக்குக் கணக்கில்லை. கிறிஸ்துமஸ் வருவதற்குள் தலைநகரத்துப் பத்திரிகைகள் கருமாதியே நடத்தி முடித்துவிட்டன. குளிர்காலம் முடிகிற சமயத்தில், முப்பத்தாறு வயசும் இரண்டு கெட்டுப்போன முழங்காலும் உள்ள கோல்கீப்பர் ஆந்தேரோ, ஹெய்னியின் கணவன், திடீரென்று எதையும் உள்ளே விடாமல் நிறுத்த ஆரம்பித்தான். முதல் ஆட்டத்தில் பூஜ்ஜியம். அடுத்ததிலும் பூஜ்ஜியம். நான்கு ஆட்டம் போயும் அவன் வலைக்குள் ஒரு ரப்பர் வட்டுகூட விழவில்லை. கோல்கீப்பர் பூஜ்ஜியத்தில் நிற்கும்போது அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் உடைந்துவிடும். யார் போட்ட சட்டமோ, ஐஸ் ஹாக்கி ஆடுகிற ஊர்களில் இதைச் சின்னப் பிள்ளைகூட மீறாது. உடை மாற்றும் அறையில் அவன் பக்கத்து இருக்கையில் எவனும் உட்காருவதில்லை. வானொலிக்காரர் “அந்தக் கோடியில் எல்லாம் அமைதி” என்று சொல்லிவிட்டு எச்சில் விழுங்குகிறார். பாதிரியார்கூட ஞாயிறு ஜெபத்தில் ‘வாசல் காப்பவர்களுக்காக’ என்று பொதுவாக ஒரு வார்த்தை சேர்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல அண்ணாந்து பார்த்தார்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். ஆந்தேரோ இடது காலுறையைத்தான் முதலில் மாட்டுவான். ஆட்ட நாளில் பட்டாணி சூப்பைத் தவிர எதையும் தொட மாட்டான். முதல் பூஜ்ஜியத்தன்று வாசலில் பனி தள்ளும் மண்வாரி எந்தச் சுவரில் சாய்ந்திருந்ததோ அங்கேயேதான் இன்னும் இருக்கிறது. பனி முழங்கால் வரை ஏறிவிட்டது, வாரியை எடுக்க ஆளில்லை. இரண்டாவது பூஜ்ஜியத்துக்கு மறுநாள் காலையில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. காபிப் பாத்திரத்தில் ஒரு கப் மட்டும் போட்டுத் தனக்கு ஊற்றிக்கொண்டான். கல்யாணமான நாளிலிருந்து அவன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடாத காலை கிடையாது. இதுவும் ஒரு சாங்கியம் என்று ஹெய்னி நினைத்துக்கொண்டாள். சாங்கியத்தை ஏன் என்று கேட்பதும் தப்பு. உள்ளுக்குள் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதுவரை அவன் முதுகைத் திருப்பும் நேரம் பார்த்துத் தன் காபியைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

ஏனென்றால் அவளிடமும் சொல்லக் கூடாத ஒன்று இருந்தது. இதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்கிக் கலைந்திருக்கிறது. முதல் முறை ஊருக்கே சொன்னார்கள். அணி மொத்தமும் வீட்டுக்கு வந்து பெயர் வைப்பதில் சண்டை போட்டது. பிறகு ஒவ்வொருவராக வந்து எதுவும் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டுப் போனார்கள். இரண்டாம் முறை ஆந்தேரோவிடமும் அம்மாவிடமும் மட்டும் சொன்னாள். அதுவும் போயிற்று. இந்த முறை யாரிடமும் இல்லை, ஆந்தேரோவிடமும் இல்லை. பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போய் சோதனைக் குச்சி வாங்கிக்கொண்டு வந்தது முதல் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் மூடநம்பிக்கைக்காரி இல்லை. பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், எந்தப் பல் எதனால் சொத்தையானது என்று காரணம் பார்க்கிறவள். ஆனாலும் அவன் வலையில் இருக்கும் பூஜ்ஜியமும் தன் வயிற்றில் இருப்பதும் ஒரே நூலில் தொங்குகின்றன என்று எப்போதோ மனசு முடிச்சுப் போட்டுவிட்டது. அது அறுந்தால் இதுவும். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, பயம் பயம்தானே.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை, சொந்த அரங்கில். ஜெயித்தால் மேல்பிரிவில் நிற்கலாம். இல்லாவிட்டால் ஏறின ஏணியிலேயே இறங்க வேண்டியதுதான். அரங்கின் வாசல் பக்கம் தொத்திறைச்சியும் காபியும் விற்கிற லெம்பிக்கு அறுபது வயசு, குரல் மட்டும் காகித ஆலையின் சங்கு மாதிரி. அவள் கடையின் இரும்பு ஷட்டர் கீழே விழுகிற சத்தத்தை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் ஆட்டம் முடிந்த நேரத்தைச் சொல்வார்கள். ஹெய்னியைக் கண்டதும் காபியை நீட்டினாள். வயிறு சரியில்லை என்று ஹெய்னி தள்ளிவிட்டாள்.

“உனக்கு மட்டுந்தானா வயிறு கலக்குது? ஊருக்கே கலக்குது. போடி, போய் உன் இடத்துல உக்காரு. போன தடவ எந்தக் கால் மேல எந்தக் கால் போட்டிருந்தியோ அப்படியே போட்டுக்கோ,” என்றாள் லெம்பி.

ஹெய்னி அப்படியே போட்டுக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது.

எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்கிறாள், இருந்தும் ஆந்தேரோ பனித்தளத்தில் இறங்கும்போது அவள் உடம்பு சிலிர்ப்பது நிற்கவில்லை. வீட்டில் மாடிப்படி ஏற முனகுகிற மனுஷன். அங்கே அத்தனை பாரத்தையும் மாட்டிக்கொண்டு பூனை போல இறங்குகிறான். கண்ணுக்கே தெரியாத வேகத்தில் வருகிற வட்டு, அவன் கையுறைக்குள் போன பிறகுதான் வந்தது என்றே தெரிகிறது. எப்படித் தெரிகிறது உனக்கு என்று ஒருமுறை கேட்டிருக்கிறாள். தெரியாது, அது வருகிற இடத்தில் நான் இருக்கிறேன், அவ்வளவுதான் என்றான். அன்றைக்கும் முதல் பாகத்தில் அப்படித்தான் இருந்தான், இரண்டாவதிலும். கிவிலம்பி ஒரு கோல் முன்னிலை. நாலாயிரம் பேர் மூச்சைச் சில்லறையாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் பாகத்தின் நடுவில், எதிரணிக்காரன் அடித்தது ஒன்றுமில்லாத ஒரு அடி. வட்டு சொந்த அணித் தலைவனின் சறுக்குக் காலணியில் பட்டுத் திசை மாறியது. ஆந்தேரோ இரண்டு காலையும் விரித்துத் தரையோடு தரையாகப் படுத்தான். வட்டு அவன் கையுறைக்கு அடியில் ஒரு கணம் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் உருண்டு கோட்டைத் தாண்டிப் படுத்துக்கொண்டது. வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹெய்னியின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. போச்சு என்று நினைத்தாள். எல்லாம் போச்சு. அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

ஆந்தேரோ மெதுவாக எழுந்தான். வட்டைத் தன் மட்டையாலேயே வலையிலிருந்து வெளியே எடுத்து நடுவரிடம் தள்ளினான். முகமூடியை ஏற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தான். இடது கம்பத்தில் மட்டையால் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு. முழங்காலை மடக்கி மறுபடி குனிந்து நின்றான். அதுவரை எப்படி நின்றானோ அப்படியே. அதைப் பார்த்துத்தான் ஹெய்னி திகைத்துப்போனாள். கோல் விழுவதற்கு முன்னால் இருந்த ஆளும் பின்னால் இருக்கிற ஆளும் ஒரே ஆள். இத்தனை நாள் அவன் தடுத்ததையே பார்த்துக்கொண்டிருந்தவள், விழுந்த பிறகும் அவன் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

எங்கிருந்தோ தட்டும் சத்தம் வந்தது. கிவிலம்பி ஆட்டக்காரர்கள் தங்கள் மட்டைகளால் தடுப்புப் பலகையைத் தட்டினார்கள்; அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். அடுத்து எதிரணியின் இருக்கையிலிருந்தும் அதே சத்தம். கோல் போட்டவனே தட்டிக்கொண்டிருந்தான். பிறகு மேல் வரிசையில் யாரோ எழுந்தார்கள், கீழே யாரோ, அப்புறம் எண்ண முடியவில்லை. சொந்த வலையில் கோல் விழுந்ததற்கு நாலாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கையில் வந்தது. லாரிக்காரர் வீங்கிய கன்னத்தோடு அழுதார். ஹெய்னியும் எழுந்தாள். கால் மேல் போட்டிருந்த கால் எப்போது இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது.

ஆட்டம் முடிய இருக்கும்போது, முகத்தில் இன்னும் பரு போகாத சொந்த அணிப் பையன் ஒருவன், எதிரணி வலைக்கு முன்னால் நின்ற கூட்டத்துக்குள் விழுந்து எழுந்து இரண்டாவது கோலைத் தள்ளிவிட்டான். கிவிலம்பி மேல்பிரிவில் நின்றுவிட்டது. அரங்கு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல.

கூட்டம் கலைந்து, பனித்தளத்தை வழவழப்பாக்குகிற வண்டி தனியாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு, ஆந்தேரோ ஈரத் தலையோடு படியேறி வந்து ஹெய்னியின் பக்கத்தில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் முனகின.

“ஒண்ணு சொல்லணும். சொன்னா என்ன ஆயிடுமோன்னு பயமா இருக்கு,” என்றாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“காபிய தொட்டியில கொட்டிட்டு இருந்த. வாசனை வந்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. முன்னாடி ரெண்டு தடவையும் அப்படித்தானே ஆரம்பிச்சுது.”

ஹெய்னி அவனைத் திரும்பிப் பார்த்தாள். “அப்ப நீ ஒரு கப் போட்டது ஆட்டத்துக்காக இல்லையா?”

“ஆட்டத்துக்கு என் காலுறை போதாதா?” என்றான். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னான். “நீ சொல்லல. நானும் கேக்கல. கேட்டா போயிடுமோன்னு இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணு உள்ள போயே போச்சு. போயும் இங்கதானே உக்காந்திருக்கோம்.”

பனித்தளத்தில் வண்டி ஒரு சுற்று முடித்து மறு சுற்றுக்குத் திரும்பியது.

“பத்தாவது வாரம்,” என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆந்தேரோ அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, வட்டைப் பொத்துவது போல இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

லெம்பி இரண்டு கப் காபியோடு படியேறி வந்தாள், காசு வேண்டாம் என்று முன்கூட்டியே கத்திக்கொண்டு. ஆந்தேரோ இரண்டையும் வாங்கினான். ஒன்றைக் குடித்தான். மற்றொன்றை ஹெய்னி பக்கம் நீட்டாமல், ஆவி அவள் மேல் படாத தூரத்தில், தன் மறுபக்கத்துப் பலகையில் கொண்டுபோய் வைத்தான். லெம்பி அந்தக் கப்பைப் பார்த்தாள். ஹெய்னியின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சங்கு வாய் திறந்தது. திறந்தபடியே நின்று, ஒரு சொல்லும் வராமல் மூடிக்கொண்டது.

அவள் படியிறங்கிப் போனாள், கடையின் விளக்கை அணைத்தாள். பிறகு ஷட்டரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள்.