விடுபட்ட செதில்

காலிங்பெல் அலறியதும் அவள் கையில் இருந்த தட்டில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"வந்துட்டாங்க. சிரிச்ச முகமா வா" என்றார் கணவர்.

அவருடைய அலுவலக நண்பர் மனைவியோடு வருகிறார், அதுவும் அவள் வரைந்த பீகார் பாணி மதுபனிப் படத்தைப் பார்க்க! மருந்துக்கடையில் பில் போட்டே தேய்ந்த விரல்களுக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில்லை.

ஓவிய வகுப்பில் சேர்ந்த புதிதில் ஒற்றைக் கோட்டில் மீன் வரைந்து திட்டு வாங்கியவள் அவள். "ஆன்ட்டி, ஒரே தண்டவாளத்துல ரயில் ஓடுமா? ரெண்டு கோடு போடுங்க. நடுவுல சின்னச் சின்னக் கோடா நிரப்புங்க. எங்கேயும் காலி இடம் தெரியக் கூடாது" என்றாள், வகுப்பெடுத்த சின்னப் பெண்.

வீட்டில் அதைவிட மோசம். "மீனா இது? அறுந்த செருப்பு மாதிரி இருக்கு" என்று கணவர் கேலி செய்தார். வீட்டை விற்றுவிட்டுத் தன் தம்பி ஊருக்கே போய்விடலாம் என்று அவர் நச்சரித்துக்கொண்டிருந்த சமயம் அது. "என் மூச்சு இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். நாலாம் நாள் டேப்பை எடுத்து ஹால் சுவரை அளந்தார். "மூணடி உயரத்துக்கு வரை. நானே பிரேம் போட்டு மாட்டறேன்" என்றார். மனுஷன் திருந்திவிட்டார் என்று அவள் பூரித்துப் போனாள். ஆறு வாரம் கண் பூத்துப் போக வரைந்தாள். மாட்டியதும், "சுவர் விரிசலும் மறைஞ்சுதுங்க!" என்று சிரித்ததும் அவள்தான்.

வந்த பெண்மணி படத்தின் முன்னால் நின்றாள். "நீங்களே வரைஞ்சதா? கண்ணை எடுக்கவே முடியல." அவள் தட்டை மேஜையில் வைத்தாள்.

நண்பரோ ஜன்னலைத் திறந்து மூடினார். சமையலறைக் குழாயைத் திருகினார். படம் பார்க்க வந்தவருக்குக் குழாயில் என்ன வேலை?

அதை யோசிப்பதற்குள் அவள் கண்ணில் அது பட்டது. பெரிய மீனின் வாலருகே ஒரு செதில், நிரப்பப்படாமல் பல்லிளித்தது. வகுப்புப் பெண் பார்த்தால் மானம் போய்விடும். ரசிக்க வந்தவர்கள் முன்னால் இப்படியா?

"ஒரே நிமிஷம், ஒண்ணு விட்டுப்போச்சு" என்று பேனாவைத் தேடி எடுத்து, படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"ஏய், தொடாதே!" கணவர் பாய்ந்து வந்தார்.

அதற்குள் படம் அவள் கைக்கு வந்துவிட்டது. சுவரில், படம் மறைத்திருந்த மூன்றடிக்கும், விரல் நுழையும் அகலத்துக்கு விரிசல் வாயைப் பிளந்து நின்றது.

நண்பர் சமையலறையிலிருந்து வந்தார். விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கணவரை ஒரு முறை முறைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வீட்டை விக்கணும்னா உள்ளதைச் சொல்லி வித்திருக்கலாமே, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து படம் வரைஞ்சு விரிசலை மூடுவீங்களா?"