ஒருவழி பிரம்மநாயகம்

“யாரப் பாத்து வே ஓவருங்கீரு?” என்று சிவனாண்டி கத்தினார்.

“உங்களத்தான் பாத்தேன். ஓவர்” என்றார் பிரம்மநாயகம்.

பிரம்மநாயகத்தால் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. அவர் பேசும்போது காது மூடிக்கொள்ளும். மற்றவர் பேசும்போது வாய் கட்டிக்கொள்ளும். அவர்கள் ‘ஓவர்’ என்று சொன்னால்தான் கட்டு அவிழும். அதேபோல் இவரும் ‘ஓவர்’ சொன்னால்தான் காது திரும்பத் திறக்கும். குழாயில் தண்ணீர் காலை ஐந்தே காலுக்கு வரும் என்பதைப் போல, தாராவி தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய அந்தச் சாலில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய கட்டடத்தில், எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அவர் மகளுக்குப் பூ வைக்க வந்த சிவனாண்டிக்குத்தான் தெரியாது. அவர் கத்தியதில் ‘யாரப் பாத்து வே’ வரைக்கும்தான் பிரம்மநாயகத்தின் காதுக்குள் போனது. ‘ஓவர்’ வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. ‘ங்கீரு’ வாசலிலேயே நின்றுவிட்டது. யாரைப் பார்த்தீர் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதையாகவே பதில் சொன்னார்.

இது அவருக்கு ராணுவம் கொடுத்தது. 1982இல், பதினாறு வயதில், முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பத்தாவது முடித்த கையோடு, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் வயர்லெஸ் பிரிவுக்கு அப்ரண்டிஸாகப் போனார். பையன்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்துத் தனித்தனிக் கொட்டகையில் உட்கார வைப்பார்கள். பொத்தானை அழுத்தியவன் பேச வேண்டும், மற்றவன் காத்திருக்க வேண்டும். முறை தவறி வாய் திறந்தவன் பன்னிரண்டு கிலோ செட்டை முதுகில் கட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். மூன்று வருடம் இப்படி. லீவுக்குப் போனால் சரியாகிவிடும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். ஆகவில்லை. உண்மையில் அந்தப் பள்ளியில் ஒவ்வொரு காலத்துப் பிள்ளைகளும் அந்தந்தக் காலத்து செட்டின் குணத்தோடுதான் வெளியே வந்தார்கள். வால்வு காலத்து அப்ரண்டிஸ்களுக்குத் தூங்கி எழுந்ததும் இரண்டு நிமிடம் சூடேறினால்தான் குரல் வரும். அதுவரை காது மடல் இரண்டும் ஆரஞ்சு நிறத்தில் மெல்ல ஒளிரும். டிரான்சிஸ்டர் காலத்தவர்கள் உடனே பேசிவிடுவார்கள், ஆனால் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைத்தால்தான் கரகரப்பு போகும். கம்ப்யூட்டர் வந்தபின் படித்தவர்கள் பாதிச் சொல்லில் நின்றுவிட்டு, மீதியை மறுநாள் சொல்வார்கள். இவர்களில் யாருக்கும் பென்ஷன் நிற்கவில்லை.

விஜயராணி இவரைக் கட்டிக்கொண்டது 1994இல். பெண் பார்க்க வந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததை அடக்கம் என்று அவள் அப்பா எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து அவளே அதிகாரிகளுக்குக் கடிதம் போட்டாள். அது அந்த பேட்சின் வழக்கமான குணம் என்றும், குடும்ப வாழ்க்கைக்கு இடைஞ்சல் இல்லை என்றும் அச்சடித்த பதில் வந்தது. அச்சடித்திருந்தார்கள் என்றால் எத்தனை பெண்டாட்டிகள் எழுதியிருக்க வேண்டும் என்று அவள் ரொம்ப நாள் யோசித்தாள். பிறகு பழகிக்கொண்டாள். சண்டை வந்தால் ‘ஓவர்’ சொல்லாமல் விட்டுவிடுவாள். 1998இல் அப்படிப் பதினொரு நாள் மனிதர் வாய் பேசாமலே டியூட்டிக்குப் போய் வந்தார். சொல்ல முடியாததையெல்லாம், அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, மூடிய காதுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொள்வாள். சில சமயம் அது ஆசையான பேச்சாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு.

இப்போது விஷயம் மகள் ஷர்மிளாவுடையது. வாஷியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் எட்டு வருடமாக லென்ஸ் பிரிவை நடத்துகிறாள். முத்துசெல்வத்தை அவள் குர்லாவில் ரயில் மாறும்போது கண்டுபிடித்தாள். தகப்பன் இல்லாத அவனுக்கு எல்லாம் பெரியப்பா சிவனாண்டிதான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர், பாத்திரம் விழுந்தது போலவே பேசுபவர். அவர் தாம்பாளத்தை நகர்த்தி வைத்துவிட்டு இப்படித்தான் ஆரம்பித்தார்: “நாங்க ஓவரா எதும் கேக்கல. பிள்ள வேலைய விட்டுட்டு வீட்டோட இருக்கணும், அவ்ளதான். சம்மதமா?”

பிரம்மநாயகம் கேட்டது ‘நாங்க ஓவர்’ மட்டும். அவர்கள் தயார் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, சிவனாண்டி மிச்சத்தைச் சொல்லி முடிப்பதற்குள், “ரொம்ப சந்தோஷம். எனக்குச் சம்மதம். ஓவர்” என்றார். பாதி அறைக்கு, வேலையை விடச் சம்மதித்துவிட்டார் என்று பட்டது. சிவனாண்டிக்கோ, தான் கேட்டது ஓவர் என்று சபையில் வைத்துக் கேலி செய்கிறார் என்று பட்டது. சண்டை அங்கே தொடங்கியது.

“மம்மி, பப்பா எதுக்கு ஹான் சொன்னாங்க? என் ஜாப்புக்கா?” ஷர்மிளாவின் முகம் வெளுத்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் தகப்பன் கொடுத்த வாக்கு. அதை அவளால் மீற முடியாது.

“எனக்கென்னட்டி தெரியும்” என்றாள் விஜயராணி. புருஷன் பக்கம் குனிந்து, “என்னங்க, பிள்ள வேலைய விடணுமாம். ஓவர்” என்றாள். ஆனால் சிவனாண்டி மூச்சுக்கு மூச்சு, “ஓவரா? எது வே ஓவர்? கடையில கேட்டுப் பாரும், நான் ஓவரா!” என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓவருக்கும் பிரம்மநாயகத்தின் காது சாத்திக்கொண்டது, வாய் திறந்தது. “ஆமாங்க. ஓவர்” என்றார். “உக்காருங்க. ஓவர்” என்றார். தன் வீட்டுக்கு வந்தவர் ஏன் நின்றுகொண்டே இருக்கிறார் என்று அவருக்கும் ஒரே குழப்பம். சிவனாண்டி தாம்பாளத்தைத் திரும்ப எடுக்கக் குனிந்தார்.

அப்போது விஜயராணி செய்ததைச் சால் இன்னும் பேசுகிறது. கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு பிடி கேசரியை அள்ளி, சம்பந்தியாக வரப்போகிறவரின் திறந்த வாயில் திணித்தாள். சூடான கேசரி. “சாப்பிட்டுட்டுப் பேசுங்கண்ணாச்சி” என்றாள்.

அந்த இடைவெளியில் முத்துசெல்வம் எழுந்து நின்றான். அதுவரை அவனுக்குக் குரல் உண்டா என்றே யாருக்கும் தெரியாது. “மாமா, ஷர்மிளா வேலைய விட மாட்டா. நானும் விடச் சொல்ல மாட்டேன். அப்படியே கட்டிக் குடுப்பீங்களா? ஓவர்.”

பிரம்மநாயகம் மகளைப் பார்த்தார். முதல் தடவையாக அந்தக் காலையில் ஒரு கேள்வி முழுசாகக் கிடைத்திருந்தது.

“சம்மதம்” என்றார். “அவுட்.”

முப்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. ஓவர் என்றால் நான் சொல்லிவிட்டேன், இனி நீ சொல் என்று பொருள். அவுட் என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். சிவனாண்டி கேசரியை விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கையை ஆட்டினார், மார்பில் தட்டினார். தட்டிய சத்தமும் வரவில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி ஓசையின்றிச் சுற்றியது. கீழே ரோட்டில் ஆட்டோக்காரர்கள் ஹாரனை அழுத்திப் பார்த்து, பிறகு இறங்கிப் பார்த்தார்கள். பதினான்கு நிமிடம் அப்படி இருந்தது. புருஷனின் அண்ணனுக்கு எதிராக ஒருபோதும் வாய் திறக்காத முத்துசெல்வத்தின் அம்மா தங்கமயில், இப்போதும் வாய் திறக்கத் தேவையில்லை என்று கண்டு, ரயிலைப் பிடிக்கப் போகிறவளைப் போல எழுந்து வந்து, ஷர்மிளாவின் தலையில் பூவை வைத்துவிட்டாள்.

சத்தம் திரும்பியபோது சிவனாண்டி கேட்டது தண்ணீர்தான். அந்தப் பதினான்கு நிமிடத்தில் தான் என்ன சொன்னேன் என்று அவர் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார். கடைசியாகக் கேட்டபோது, ஆசீர்வாதம் பண்ணினேன் என்றார்.

சித்திரையில் மாட்டுங்காவில் கல்யாணம் நடந்தது. ஷர்மிளாவும் முத்துசெல்வமும் நெருளுக்குக் குடிபோனார்கள். அவள் அங்கிருந்து வாஷிக்கு வேலைக்குப் போகிறாள். தங்கமயில் கிங்ஸ் சர்க்கிளை விட்டு அவர்களோடு போய்விட்டாள். சால் கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் பிரம்மநாயகமும் விஜயராணியும் செம்பூரில் ஒரு கட்டடத்தில் நான்காம் மாடிக்கு வாடகைக்கு மாறினார்கள். அங்குள்ளவர்கள் அவர் சொல்லும் ஓவரை மிலிட்டரிக்காரர்களின் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். வாட்ச்மேன், பால்காரர், சொசைட்டி செக்ரட்டரி எல்லோரும் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஓவர் என்கிறார்கள். அவர் பதில் சொல்லும் வரை நிற்கிறார்கள்.