மேல ஒரு ரூம் இருக்குதுங்க

1
இந்தக் கதை காந்திபுரத்திலிருந்து சூலூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. என் சொத்துவரி மேல்முறையீட்டு மனு தள்ளுபடியான எரிச்சலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்குமா?" என்றார். அவர் சொன்னது பாதி. மீதி நான் கட்டியது. அதற்கு யாரும் வரி போட முடியாது.

2
முதல் தொடக்கம்: "விமலாராணியின் கண்கள் கலங்கி..." [வேண்டாம். அந்த அம்மா கலங்குகிற ஆள் இல்லை.]

இரண்டாவது: விமலாராணி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ். பென்ஷன் கிடையாது. இருப்பது சம்பளத்தில் கட்டிய வீடு மட்டும். அளக்க வந்தவர் பக்கத்து வீட்டு கார் ஷெட்டையும் சேர்த்து எண்ணூற்றுப் பத்து சதுர அடி என்று எழுதி, வரியை ஏற்றிவிட்டார். 'அறுநூற்றுப் பத்துதான்' என்று மகள் கெசியா மனு டைப் செய்தாள்.

இது நிற்கும். இதையே வைத்துக்கொள்கிறேன்.

3
ஒன்றை மறைத்துவிட்டேன். கெசியாவும் மறைத்தாள். பின்பக்கப் படி ஏறினால் மாடியில் ஓர் அறை, இருநூறு சதுர அடி. ரோட்டிலிருந்து தெரியாது. ஆக, தப்பாக அளந்தும் மொத்தம் சரியாகத்தான் வந்திருந்தது!

"மாடிப் பேச்சை மட்டும் எடுத்துப்போடாதம்மா," என்றாள் கெசியா.

4
மனுவைப் பார்த்து மறுபடி அளக்க வந்த அதிகாரி தமிழ்வேந்தனை லஞ்சம் கேட்பவராக எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் அந்த ஆள் ஒத்துழைக்கவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். நல்லவரிடம் மறைப்பதுதான் கஷ்டம்.

டேப்பின் ஒரு முனையைக் கெசியா பிடித்தாள். அறுநூற்றுப் பத்து.

"உங்க கணக்கு சரிதானுங்கம்மா. எழுதிப்போட்டேன், கையெழுத்துதான் பாக்கி."

5
(இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்?) விமலாராணியின் அப்பா ராசப்பன், வேலை செய்த தோட்டத்து வீட்டில் நாற்பது வருஷம் வாசலைத் தாண்டி உள்ளே விடப்படாதவர். அதனால் இந்த வீட்டுக்கு யார் வந்தாலும், கேஸ் சிலிண்டர் போடுபவர் உட்பட, எல்லா அறையையும் காட்டி, கடைசியாக மாடிக்கும் கூட்டிப்போவது விமலாராணியின் வழக்கம். அது அப்பாவுக்கென்று கட்டிய அறை. கூரை போடும் முன்பே அவர் போய்விட்டார்.

ஓர் அதிகாரி வந்து அதைப் பார்க்காமல் போவதா? விமலாராணிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க தம்பி..."

"சொல்லுங்கம்மா."

கெசியா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

6
முடிவு ஒன்று: "டீக்குச் சக்கரை பத்துமாங்க?" மனு ஜெயிக்கிறது. அப்புறம் வருகிற யாரையும் மாடிக்குக் கூட்டிப்போகப் பயம்.

முடிவு இரண்டு: "மேல ஒரு ரூம் இருக்குதுங்க, வந்து பாத்துப்போட்டுப் போங்க." மனு தோற்கிறது, ஏறிய வரி ஏறியதுதான். அப்பாவின் அறை பதிவேட்டில் ஏறுகிறது.

முடிவு மூன்று: தமிழ்வேந்தனே கண்டும் காணாமல்... [இல்லை. அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.]

எதுவென்று பஸ்ஸிலேயே கேட்டேன். அதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது. "ஒருநா ஊட்டுக்கு வாங்க, மாடி ரூமைக் காட்டறேன்," என்று இறங்கிவிட்டார்.

அங்கே மாடிப்படியடியில் கெசியா கோபத்தில் டேப்பை விட்டுவிட்டாள். முனை தரையில் கிடக்கிறது. அறையை அளக்க இரண்டு பேர் வேண்டும், தமிழ்வேந்தன் ஒருவர்தான். படிக்கிற நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மாதானே நிற்கிறீர்கள்?